திட்டு வாங்கிய ஞாயிறு

பிப்ரவரி 9

அன்புள்ள சம்பந்திக்கு,

முழங்கால் வலி குறைந்து நீங்கள் மாடிப்படி ஏறி இறங்கத் தொடங்கிவிட்டீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். எனக்குக் குறையொன்றும் இல்லை, ஒரு காதைத் தவிர. ஆயுள் முழுக்க இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பஸ் ஓட்டியவனுக்கு அந்தச் செவிடுதான் தனி ஓய்வூதியம். போனில் நீங்கள் பேசுவது எனக்குக் கேட்பதில்லை. நான் பேசுவது உங்கள் தெருவுக்கே கேட்கிறது. நூலகத்தில் "உஷ்" சொல்லியே காலம் தள்ளியவர் இனிமேலா குரலை உயர்த்தப் போகிறீர்கள்? ஆகவே கடிதம்.

நம் பேத்தி ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாள். நுரையீரலில் கட்டியிருந்த நீர் வடிந்துவிட்டதாம். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். விலா எலும்பைத் தவிர ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் தலையாட்டி வைத்தேன். நோய் போய்விட்டது என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் நாம் "வாலு" என்று கூப்பிட்டோமே, அந்தப் பெண் இன்னும் வந்து சேரவில்லை. கட்டிலில் படுத்துக் கூரையைப் பார்க்கிறாள். தட்டை நீட்டினால் கோழி கொத்துவதுபோல் கொத்திவிட்டுத் தள்ளிவிடுகிறாள்.

அவர்கள் வீட்டிலும் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. உங்கள் மகள் தையல் மிஷினை ஓட்டும்போதுகூட சத்தம் வராமலிருக்க அடியில் போர்வையை மடித்துப் போட்டிருக்கிறாள். நேற்று வாலு கண்ணாடிக் கிண்ணத்தை மேஜையிலிருந்து தள்ளி உடைத்தாள். கை தவறி அல்ல, வேண்டுமென்றே. உடைத்துவிட்டு அம்மாவின் முகத்தையே பார்த்தாள். "பரவாயில்லடா கண்ணு, காலைப் பாத்து வை" என்றாள் உங்கள் மகள். பழைய நாளாக இருந்தால் நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும். எனக்கு ஒன்றும் புரியவில்லை, சம்பந்தி.

ஞாயிற்றுக்கிழமை அவளைப் பஸ் டிப்போவுக்குக் கூட்டிப் போகலாம் என்றிருக்கிறேன். உங்கள் மகள் அரை மனதாகச் சம்மதித்திருக்கிறாள். பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சத்தக்கார சம்பந்தி


பிப்ரவரி 16

மரியாதைக்குரிய சம்பந்திக்கு,

உங்கள் கடிதம் கண்டேன். பேத்தி வீடு சேர்ந்தாள் என்ற வரியைப் பலமுறை படித்தேன். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. படி ஏறுகிறேன், இறங்குவதற்குத்தான் யோசனை. இல்லாவிட்டால் இதற்குள் அங்கு வந்து நின்றிருப்பேன்.

அவளை வெளியே கூட்டிப்போவது நல்லதுதான். வெயிலில் அதிகம் நிறுத்தாதீர்கள். டிப்போவில் புகை இருக்கும், மூக்கைத் துணியால் மூடுங்கள். அவளுக்கு ஒரு படப் புத்தகம் அனுப்பியிருக்கிறேன்.

என் மகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவள் இப்போது நடந்துகொள்ளும் விதம் உங்களுக்கு விசித்திரமாகப் படலாம். ஏன் என்று மட்டும் அவளிடம் கேட்காதீர்கள். அவள் பட்ட பாடு அப்படி.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
சம்பந்தி


பிப்ரவரி 24

அன்புள்ள சம்பந்திக்கு,

நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தலை சுற்றுகிறது, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஞாயிறு காலை வாலுவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். உங்கள் மகள் அவளுக்கு இரண்டு சட்டை, அதன் மேல் ஒரு ஸ்வெட்டர், அதன் மேல் ஒரு சால்வை என்று சுற்றி, மூட்டையாகக் கையில் கொடுத்தாள். தெரு திரும்பியதும் இரண்டை உருவிப் பைக்குள் போட்டேன். இதை அங்கே சொல்லிவிடாதீர்கள்.

டிப்போவில் பழைய ஆட்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கழுவி நிறுத்திய பஸ்ஸில் ஓட்டுநர் சீட்டில் அவளை உட்கார வைத்தோம். "ஹாரனை அடி" என்றேன். இதற்காக எத்தனை நாள் என் தாடையைப் பிடித்துக் கெஞ்சியிருப்பாள்! "வேணாம் தாத்தா" என்றாள். டிக்கெட் மிஷினைக் கொடுத்தார் ஒருவர், வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். எல்லாரும் "பாவம், எப்படி இளைச்சுப் போச்சு குழந்தை" என்று கன்னத்தைத் தடவினார்கள். அவள் முகம் இன்னும் சுருங்கிப் போயிற்று. எனக்கு அழுகை வந்துவிட்டது, சம்பந்தி. சொல்வதற்கு என்ன வெட்கம்.

சரி, வீட்டுக்கே போவோம் என்று டிப்போ வாசலுக்கு வந்தோம். வண்டிகள் திரும்பி உள்ளே வரும் இடம் அது. நான் செருப்பு வாரை மாட்டக் குனிந்தேன். நிமிர்ந்தால் என் கையில் கை இல்லை. நடு ரோட்டில் நிற்கிறாள்! ஒரு பஸ் பிரேக் போட்டுக் கிறீச்சிட்டு அவளுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. "ஏய் கழுதை! அறிவிருக்கா உனக்கு? கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? பஸ் அடிச்சா செத்துத் தொலைஞ்சிருப்பே! இனிமே கையை விட்டே, தோலை உரிச்சிடுவேன்!" என்று கத்தினேன். படியில் தொங்கும் பயல்களைத் திட்டிப் பழகிய தொண்டை. டிப்போவே திரும்பிப் பார்த்தது.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவளோ என்னை அண்ணாந்து பார்த்து, "தாத்தா, என்னையா திட்டுறீங்க?" என்றாள்.

"உன்னைத்தான்! வேற எந்தக் கழுதை ரோட்டுல நிக்குது?"

சிரித்தாள். சம்பந்தி, விழுந்து விழுந்து சிரித்தாள்! சிரித்துக்கொண்டே, "பசிக்குது தாத்தா" என்றாள். கேன்டீனில் ரொட்டியும் அவித்த முட்டையும் தின்றாள், என் தட்டிலிருந்தும் எடுத்துத் தின்றாள். பிறகு உள்ளே போய் ஹாரனை அடித்தாள் பாருங்கள், மேனேஜரே ஓடி வந்துவிட்டார். திரும்பும்போது பஸ்ஸில் வாய் ஓயவில்லை.

வாசலிலேயே அம்மாவிடம் ஓடினாள். "அம்மா, பஸ் தாத்தா என்னைக் கழுதைன்னாரு! செத்துத் தொலைவேன்னாரு! தோலை உரிப்பேன்னாரு!" என்று பரிசு வாங்கியவள் மாதிரி சொன்னாள். உங்கள் மகளின் முகத்தில் ரத்தமே இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். மறுநாள் என் மகன் நான் தனியாகக் குடியிருக்கும் அறைக்கு வந்து, தரையைப் பார்த்தபடி, "கொஞ்ச நாளைக்கு அங்க வராதீங்கப்பா" என்றான்.

குழந்தை சிரித்தாள், சாப்பிட்டாள். என்ன குற்றம் செய்தேன் நான்? உங்களுக்குப் புரிந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

குழப்பத்துடன்,
சம்பந்தி


மார்ச் 12

சம்பந்திக்கு,

கால் வலிதான், கைக்கு என்ன கேடு? என் கடிதம் வந்ததா இல்லையா?

வாலு மறுபடி சாப்பிடுவதில்லையாம். மகன் பஸ் ஸ்டாப்பில் பார்த்துச் சொன்னான். டாக்டரிடம் மறுபடி படம் எடுத்தார்களாம், நெஞ்சு சுத்தமாக இருக்கிறதாம், அவருக்கும் காரணம் தெரியவில்லையாம். என்னைத் தள்ளி வைத்தபிறகும் ஏன் அவள் தேறவில்லை என்று நான் கேட்டேன். என் மகன் பஸ் வந்துவிட்டது என்று ஏறிப் போய்விட்டான். அது அவன் போக வேண்டிய பஸ்ஸே இல்லை.

உங்கள் சௌக்கியத்தைப் பற்றி ஒரு வரியாவது போடுங்கள்.

சம்பந்தி


மார்ச் 20

மரியாதைக்குரிய சம்பந்திக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். எல்லாரும் நலமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை. இங்கே நூலகக் கூரை ஒழுகுகிறது. ஓய்வு பெற்றவனையும் கூப்பிட்டுப் புத்தகங்களை இடம் மாற்றச் சொன்னார்கள். அதில் நாள் போய்விட்டது.

உங்கள் மீது தவறில்லை என்றே நினைக்கிறேன். என் மகள் மீதும் இல்லை. இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. கொஞ்சம் பொறுங்கள். அவளிடம் கோபம் வேண்டாம்.

அன்புடன்,
சம்பந்தி


ஏப்ரல் 6

அன்புள்ள சம்பந்திக்கு,

கூரை ஒழுகியதையெல்லாம் எழுதினீர்கள், நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. பரவாயில்லை. உங்கள் காலுக்கு ஒத்தடம் கொடுங்கள். இப்போது நான் எழுதுவதை உட்கார்ந்து படியுங்கள்.

நேற்று அரை மணி நேரம் குழந்தையைப் பார்க்க விட்டார்கள். "சத்தமா பேசக் கூடாதுப்பா" என்று மகன் சத்தியம் வாங்கிக்கொண்டான். உங்கள் மகள் கதவோரம் துணி மடித்துக்கொண்டு நின்றாள். வாலு என்னை அருகில் வரச்சொல்லி, கேட்கிற காதாகப் பார்த்து வாயை வைத்தாள்.

"தாத்தா, திட்டுங்க."

"வேண்டாம்மா, அம்மா வருத்தப்படுவாங்க."

"மெதுவா திட்டுங்க."

நானும் "கழுதை" என்று கிசுகிசுத்தேன். உதட்டைப் பிதுக்கி, "இது திட்டு இல்ல தாத்தா, கொஞ்சுற மாதிரி இருக்கு" என்றாள். பிறகு சொன்னாள்: "ஆஸ்பத்திரில பக்கத்துக் கட்டில்ல ஒரு அக்கா இருந்தாங்க. அவங்களை யாருமே திட்டல. ஊசி போட வந்த நர்ஸைக் கடிச்சாங்க, அப்பவும் திட்டல. கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுத்தாங்க. அப்புறம் ஒரு நாள் கட்டில் காலியா இருந்துச்சு. புது விரிப்பு போட்டுட்டாங்க. சாகப் போறவங்களைத்தான் தாத்தா யாரும் திட்ட மாட்டாங்க."

"நீ நல்லாயிட்டேடி, டாக்டரே சொன்னாரு" என்றேன்.

"அந்த அக்காகிட்டயும் அப்படித்தான் சொன்னாங்க. டாக்டர் அம்மாகிட்ட மட்டும் தனியா பேசினாரு. அம்மாவுக்குத்தான் உண்மை தெரியும். நீங்க திட்டினப்ப நான் சாக மாட்டேன்னு நினைச்சேன். ஆனா திட்டினதுக்கு உங்களை வரவேணாம்னுட்டாங்களே."

ஏழு வயது, சம்பந்தி. பரீட்சைக்குக் கணக்குப் போடுவதுபோல் ஒவ்வொரு வரியாகப் போட்டு விடையை எழுதி வைத்திருக்கிறாள். கிண்ணத்தை ஏன் உடைத்தாள் என்று இப்போது தெரிகிறது. ஆனால் உங்கள் மகள் ஏன் திட்ட மாட்டேன் என்கிறாள் என்பது மட்டும் என் மண்டையில் ஏறவில்லை. உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கூரையைப் பற்றி எழுதுகிறீர்கள்.

சம்பந்தி


ஏப்ரல் 11

அன்பு மகளுக்கு,

நீ சாப்பிட்டாயா, தூங்குகிறாயா என்பதுதான் எப்போதும் என் முதல் கேள்வி. உன் மாமனார் எழுதிய கடிதத்தை இதனுடன் அனுப்புகிறேன். அவர் மீது கோபிக்காமல் படி.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ கொடுத்த வாக்கை நான் யாரிடமும் சொல்லவில்லை, அவரிடமும் சொல்லவில்லை. அதனால் அவர் வீணாகப் பழி சுமக்கிறார். அது என்னை உறுத்துகிறது. ஆனால் பெரிய கவலை அது அல்ல. உன் வாக்கே உன் பிள்ளையைப் பட்டினி போடுகிறது, அம்மா. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவளைத் திட்டு.

அப்பா


ஏப்ரல் 25

அப்பாவுக்கு,

எங்கள் நலத்துக்கு ஒன்றும் குறைவில்லை என்று எழுதக் கை வரவில்லை. உங்கள் நலத்தை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

மாமாவின் கடிதத்தைப் படித்தேன். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "உனக்கு நல்லாயிடுச்சுடா, அம்மா பொய் சொல்வேனா?" என்று கேட்டேன். "சரிம்மா" என்றாள். பக்கத்துக் கட்டில் பெண்ணும் அவள் அம்மாவிடம் இதே குரலில்தான் "சரிம்மா" சொல்வாள்.

ஆனாலும் நீங்கள் கேட்பதை என்னால் செய்ய முடியாது. நோய் கண்ட அன்று காலை அவள் இருமினாள். "நடிக்காதே, ஸ்கூலுக்குக் கிளம்பு" என்று கத்தி அனுப்பினேன். மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூச்சு நின்று நின்று வந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாக் குழாயடியில் நின்று, இவள் பிழைத்தால் இனி ஒரு கடுஞ்சொல் சொல்ல மாட்டேன், என் வீட்டில் யாரையும் சொல்ல விட மாட்டேன் என்றேன். யாரிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. உள்ளே போனபோது அவள் கண் திறந்திருந்தாள். கொடுத்ததைத் திருப்பி எடுத்தால், வாங்கியதையும் திருப்பிக் கேட்பார்களே அப்பா? இது உங்கள் நூலகத்துப் புத்தகமா, எடுக்கவும் கொடுக்கவும்?

திட்டினாலும் பயம், திட்டாவிட்டாலும் பயம். எது சரி என்று தெரியவில்லை. இதைப் பற்றி இனி எழுதாதீர்கள்.

உங்கள் மகள்


மே 2

மரியாதைக்குரிய சம்பந்திக்கு,

நீங்கள் கோபமாக இருந்தாலும் நலமாக இருங்கள். என் மகளின் கடிதத்தை அப்படியே வைத்து அனுப்புகிறேன். நீங்கள் கேட்டதற்கு விடை அதில் இருக்கிறது. அவள் என்னை நம்பிச் சொன்னதை முதலிலேயே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டுமா, இப்போதும் சொல்லாமல் இருந்திருக்க வேண்டுமா? தெரியவில்லை. ஊருக்கெல்லாம் புத்தகம் எடுத்துக் கொடுத்தவனுக்கு மகளுக்குச் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

உங்களுக்குக் கிடைத்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
சம்பந்தி


மே 9

அன்பு மருமகளுக்கு,

நீயும் பிள்ளைகள் இருவரும் சுகமா? என் மகனையும் பிள்ளை கணக்கில்தான் சேர்த்திருக்கிறேன்.

உன் அப்பா எல்லாம் எழுதிவிட்டார். அவரைக் கோபிக்காதே. அந்த மனிதர் ஈ எறும்புக்கும் "உஷ்" சொல்லியே வாழ்ந்தவர். இதை எழுதுவதற்குள் பாதி உயிர் போயிருக்கும்.

நான் உன்னைத் திட்டு என்று சொல்ல வரவில்லை. நீ வாக்குக் கொடுத்தது யாரிடம் என்று உனக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. அவர் கோபக்காரரா, நல்லவரா, ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்தது பஸ் மட்டும்தான். படியில் தொங்குகிறவனை வாய் ஓயாமல் திட்டியிருக்கிறேன். ஒருவன் மேலும் எனக்கு வெறுப்பில்லை. வீடு போய்ச் சேரட்டும் என்றுதான் திட்டினேன். இறங்கிப் போய்விட்டவனை எந்த ஓட்டுநரும் திட்டுவதில்லை, அம்மா. நம் வாலு இன்னும் நம் வண்டியில்தான் இருக்கிறாள்.

பழக்கம் விட்டுப்போயிருக்கும். வேண்டுமானால் முதலில் என்னைத் திட்டிப் பார். அந்த ஞாயிற்றுக்கிழமை தெரு முனையிலேயே அவள் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டேன், சால்வையையும் சேர்த்து.

உன் மாமனார்


ஜூன் 13

மாமாவுக்கு,

நீங்கள் சௌக்கியமாக இருக்க வேண்டும். ஸ்வெட்டரைக் கழற்றினீர்களா? நெஞ்சில் நீர் கட்டிப் பிழைத்த குழந்தைக்கு? உங்களுக்கு மூளை என்று ஒன்று இருக்கிறதா மாமா? இதை எழுதியதற்கு என்னை மன்னியுங்கள். எழுதி முடித்ததும் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வாடிக்கையாளருக்குக் கோட்டு ஒன்று தைத்து முடித்து, பட்டன் மட்டும் பாக்கி வைத்து மேஜையில் விரித்திருந்தேன். வாலு கத்தரிக்கோலை எடுத்தாள். என்னைப் பார்த்தாள். பார்த்தபடியே கோட்டின் கையை வெட்டினாள். "பரவாயில்ல" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள் மாமா. அந்த வார்த்தைதான் வரப்போகிறது என்று தெரிந்து, அதைத் தாங்கிக்கொள்ளத் தயாராவதுபோல் மூடிக்கொண்டாள்.

"கழுதை!" என்றேன். என்ன சொல்கிறேன் என்று தெரியவில்லை. "எத்தனை நாள் உழைப்பு தெரியுமா அது? கையை ஒடிச்சு அடுப்புல வைக்கணும் உன்னை! போ அந்தப் பக்கம்!" என்று கத்தினேன். கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் வந்து என் கையை வாயிலிருந்து விலக்கினாள். "டாக்டர் உங்கிட்ட என்ன சொன்னாரும்மா?"

"நீ நல்லாயிட்டேன்னு சொன்னாருடி."

"நிஜமா?"

"கோட்டை வெட்டிட்டு நிஜமான்னு கேக்குறியா?" என்று முதுகில் ஒன்று வைத்தேன். அவள் அழுதாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அவள் அழுதது அதுதான் முதல் தடவை. நானும் அழுதேன். பிறகு பசிக்கிறது என்றாள்.

அன்றிலிருந்து அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். அவளே சலித்துக்கொள்கிறாள். சூடு இல்லை. இருமல் இல்லை. நான் செய்தது சரியா என்று இன்னும் தெரியவில்லை. வாக்கை முறித்தவளுக்கு என்றைக்காவது கணக்குக் கேட்பார்களோ என்ற பயம் போகவில்லை. போகாது என்றுதான் நினைக்கிறேன்.

அப்பாவுக்கும் எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வாருங்கள். டிப்போவுக்குக் கூட்டிப் போங்கள். ஸ்வெட்டரைக் கழற்றினால் பேச மாட்டேன்.

இன்று காலை பள்ளிக்கூடம் கிளம்பினாள். வலது காலில் இடது செருப்பு, இடது காலில் வலது செருப்பு. வாசற்படியில் நின்று என் முகத்தைப் பார்த்தாள். கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. ஆனாலும் திட்டினேன் மாமா. தெரு முனைவரை கேட்கும்படி திட்டினேன். அவள் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினாள்.

உங்கள் மருமகள்